சொன்னது நாம்தான்

நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில் ஒரு தாய் நம்மை நிறுத்தினார். மகள் பி.இ. முடித்து ஓராண்டாகிறது. கையில் சான்றிதழ் இல்லை. கல்லூரிக்கு இன்னும் 38 ஆயிரம் ரூபாய் பாக்கி என்று சொல்லி, மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் நிர்வாகம் பிடித்து வைத்திருக்கிறது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூலச் சான்றிதழ்களோடு வர வேண்டும் என்பது நிபந்தனை.

"நீங்கதானே தம்பி வீட்டுக்கு வந்து சொன்னீங்க, எஸ்.சி. புள்ளைக்கு அரசாங்கமே ஃபீஸ் கட்டிடும், தைரியமா சேருங்கன்னு?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் நமக்குப் பதில் வரவில்லை.

சொன்னது நாம்தான். காலனி காலனியாகப் போய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெயரை எழுதி, செங்கல் சூளைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் அனுப்ப இருந்தவர்களைத் தடுத்து, கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று சொன்னவர்கள் நாம். அப்படிச் சொன்னதில் தவறில்லை. ஆனால், சொல்லிவிட்டு எங்கே நின்றுவிட்டோம் என்பதை இன்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெருகிய எண்ணிக்கை

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு இது. இந்தியா முழுமைக்கும் அது 28.4. பட்டியல் சாதியினருக்கு நாடு முழுவதும் 25.9. புதிய தேசியக் கல்விக் கொள்கை 2035ஆம் ஆண்டில் எட்ட நினைக்கும் 50 விழுக்காட்டுக்குத் தமிழ்நாடு ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டது.

இது தானாக நடந்ததல்ல. பஞ்சமர் பள்ளிகள் திறக்கப் போராடிய காலத்திலிருந்து மதிய உணவு, இலவசப் பேருந்துப் பயணம், 18 விழுக்காடு இட ஒதுக்கீடு, 2009இல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீடு, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் வரை ஒவ்வொன்றும் ஒரு படி. ஒவ்வொரு படிக்கும் பின்னால் யாரோ மனுக் கொடுத்திருக்கிறார்கள், யாரோ மறியலில் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரோ சிறைக்குப் போயிருக்கிறார்கள். கைநாட்டு வைத்த தாத்தாவின் பேத்தி இன்று ஆய்வுக்கூடத்தில் நிற்கிறாள் என்றால், அதில் நமக்குப் பெருமை இருக்கிறது.

ஆனால், இந்தக் கணக்கு கல்லூரி வாசலில் உள்ளே போகிறவர்களை எண்ணும் கணக்கு. எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எத்தனை பேரின் சான்றிதழ் அலுவலக பீரோவில் கிடக்கிறது, எத்தனை பேருக்குப் படித்த படிப்புக்கேற்ற வேலை கிடைத்தது என்பதையெல்லாம் அந்த 47 சொல்லாது. ஏரிக்கரைத் தாயின் மகளும் அந்த விகிதத்தில் ஒருத்தியாக எண்ணப்பட்டவள்தான். எண்ணி முடித்ததும் அவளை மறந்துவிட்டார்கள்.

பணம் வரும் வழி

அவள் வீட்டுக் கணக்கைக் கேட்டோம். மூன்றாம் ஆண்டுக்கான உதவித்தொகை, அந்த ஆண்டு முடிந்து பல மாதங்கள் கழித்து வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்தச் சமயத்தில் அப்பா கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். பணம் மருத்துவத்துக்குப் போய்விட்டது. நான்காம் ஆண்டுத் தொகை இன்னும் வரவேயில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்வது? வலியில் துடிக்கும் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கட்டியிருக்க வேண்டும் என்று அந்தத் தாயிடம் சொல்லும் துணிச்சல் நமக்கு இல்லை.

பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு நீண்ட வரலாறு உண்டு. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது அண்ணல் அம்பேத்கர் தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்காக அரசிடம் வாதாடினார். 1944இல் இந்த உதவித்தொகை தொடங்கியது. சுதந்திரத்துக்கு முன்பே பிறந்த திட்டம் இது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று ஒப்புதல் அளித்து, ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு பிரித்தது. பணம் இனி மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும் என்றார்கள்.

நேரடியாக வருவது நல்லதுதான். இல்லாத மாணவர் பெயரில் கல்லூரிகள் பணம் எடுத்த முறைகேடுகள் பல மாநிலங்களில் அம்பலமானதை நாம் மறக்கவில்லை. ஆனால், கல்லூரி கட்டணம் கேட்பது ஜூன், ஜூலை மாதங்களில். பணம் வருவது அதற்கு வெகுநாள் கழித்து. இடைப்பட்ட மாதங்களைக் கூலி வேலை செய்யும் குடும்பம் தன் தோளில் சுமக்கிறது. வட்டிக்கு வாங்குகிறது, தோட்டை அடகு வைக்கிறது, பையனை சனி, ஞாயிறுகளில் சமையல் வேலைக்கு அனுப்புகிறது. அரசு தர வேண்டிய பணத்துக்கு ஏழை வட்டி கட்டுகிறான்.

இதற்கு வழி எழுத்தில் இருக்கிறது. முன்கூட்டிக் கட்டணம் கட்டாமலேயே தகுதியுள்ள மாணவரைக் கல்லூரி சேர்த்துக்கொள்வதற்காக 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடு திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளில் சொல்லப்பட்டிருக்கிறது. மாணவர்களின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் காலனிகளில் எத்தனை பேருக்கு இவை தெரியும்? தெரிய வேண்டியது யாருடைய வேலை?

வருமான வரம்பையும் பாருங்கள். இந்த உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது 2021இல் திருத்திய நெறிகளிலும் இருக்கிறது. மாதத்துக்கு 21 ஆயிரம்கூட இல்லை. நகராட்சியில் காலமுறை ஊதியம் பெறும் துப்புரவுப் பணியாளரின் பிள்ளை இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறான். 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய வகுப்பினருக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு கொண்டுவந்தபோது, நலிந்தவர் என்பதற்கு வைத்த வரம்பு 8 லட்சம். ஒரே நாட்டில் ஏழ்மைக்கு இரண்டு அளவுகோல். மலக்குழியில் இறங்கியவரின் வீடு இரண்டரை லட்சத்தில் வசதியான வீடாகிவிடுகிறது. இன்னொரு வீடு எட்டு லட்சம் வரை ஏழை வீடாகவே இருக்கிறது.

விடுதிக் கதையும் இதுதான். ஆதிதிராவிடர் நலத்துறைக் கல்லூரி விடுதியில் ஒரு மாணவரின் உணவுக்கு 2023இல் உயர்த்தப்பட்ட தொகை மாதம் 1,500 ரூபாய். நாளுக்கு 50 ரூபாய். காலை, மதியம், இரவு மூன்று வேளைக்கும் சேர்த்து. நம் ஊர்ப் பேருந்து நிலையக் கடையில் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை என்ன என்று வாசகர்களே சொல்லுங்கள்.

வேறு நாடுகள் கேட்ட கேள்வி

வளர்ந்துவரும் நாடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. பொருளாதாரம் வளர்கிறது, கல்லூரிகள் பெருகுகின்றன, ஆனால் காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தக் கல்லூரி யாருடையது?

1888இல்தான் அடிமை முறையை ஒழித்த நாடு பிரேசில். அங்கே மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும். ஆனால், கட்டணமில்லாத, தரமான அரசுப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் படித்தவர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளியில் படித்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். 2012இல் வந்த சட்டம், மத்தியப் பல்கலைக்கழகங்களின் பாதி இடங்களை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒதுக்கியது. அதற்குள் குடும்ப வருமானத்துக்கும், அந்தந்த மாநிலத்தில் கறுப்பின, கலப்பின, பழங்குடி மக்களின் விகிதத்துக்கும் ஏற்ப இடங்களைப் பிரித்தது. தரம் கெட்டுவிடும் என்று அங்கேயும் கூச்சல் எழுந்தது. அதே ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. நமக்குப் பழக்கமான கூச்சல்தான், கடல் கடந்தும் கேட்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 2015 அக்டோபரில் நடந்தது நமக்கு இன்னும் பெரிய பாடம். ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் கட்டணத்தை 10.5 விழுக்காடு உயர்த்த முயன்றது. மாணவர்கள் வாசலை அடைத்தார்கள். போராட்டம் நாடு முழுக்கப் பரவியது. அதே மாதம் 23ஆம் தேதி, அடுத்த ஆண்டுக்குக் கட்டண உயர்வு கிடையாது என்று அந்நாட்டு அதிபர் அறிவித்தார். 2017 டிசம்பரில், ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரேண்டுக்கு மேல் போகாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இலவச உயர்கல்வி என்ற அறிவிப்பும் வந்தது.

அந்த மாணவர்கள் கட்டணத்தோடு நிற்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தைப் பெருக்கித் துடைக்கும் தொழிலாளர்களை ஒப்பந்தக்காரரிடம் விடாமல், பல்கலைக்கழகமே நேரடியாகப் பணியில் அமர்த்த வேண்டும் என்றும் கேட்டார்கள். கேப்டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகங்கள் அதற்கு ஒப்புக்கொண்டன. வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவனும் அந்த வகுப்பறையைத் துடைப்பவளும் ஒரே குடியிருப்பிலிருந்து வருகிறார்கள் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

நம் கல்லூரிகளில் அதிகாலையில் கழிப்பறை கழுவும் அக்காக்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? அவர்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, கையுறை கொடுக்கிறார்களா? ஆண்டு விழாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் குரல் கொடுக்கும் நம் மாணவர் அமைப்புகள் இதை ஒருமுறையேனும் கேட்டிருக்கின்றனவா?

படிப்பு மட்டும் போதுமா?

2019இல் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு அழைப்பு விடுத்தது. சுமார் 7,000 பேர் சான்றிதழ்களோடு வந்து நின்றார்கள். பொறியியல் படித்தவர்களும் பட்டதாரிகளும் அதில் இருந்தார்கள். எந்த வேலையும் இழிவானதல்ல. ஆனால், துடைப்பத்தைத் தலைமுறை தலைமுறையாக நம் கையில் திணித்த சமூகம், பட்டம் வாங்கிய பிறகும் அதே துடைப்பத்தைக் காட்டினால், அதை வேலையின்மை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது.

பட்டம் உயிரையும் காக்கவில்லை. 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் பொறியியல் பட்டதாரி. 2016இல் உடுமலைப்பேட்டையில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் பொறியியல் மாணவர். அதே ஆண்டு ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2023இல் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பள்ளி மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தன் அறிக்கையைத் தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் ஆசிரியர் பணியிட மாற்றம் வரை அது பேசுகிறது. அந்தப் பரிந்துரைகள் பள்ளி வாசலைத் தாண்டிக் கல்லூரிக்கும் போக வேண்டும்.

ஆகவே, எல்லோரும் படித்துவிட்டால் சாதி தானாகப் போய்விடும் என்று சொல்வது உண்மையல்ல. படித்த கையும் அரிவாள் தூக்குகிறது. ஆற்றல் ஆற்றலாக மட்டும் இருக்கும், அது எந்தப் பக்கம் போகும் என்பதைச் சமூகம் முடிவு செய்கிறது. உயர்கல்வி சமூகத்தை மாற்ற வேண்டுமானால், சமூகம் உயர்கல்வியை விட்டு ஒதுங்கக் கூடாது. வேந்தரும் துணைவேந்தரும் தாளாளரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிட்டால், கல்லூரி அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

நம் பங்கு

1956 மார்ச் மாதம் ஆக்ராவில் பேசியபோது அண்ணல் அம்பேத்கர் மனம் உடைந்து ஒன்றைச் சொன்னார். படித்து மேலே வந்தவர்கள் சமூகத்துக்குத் தொண்டு செய்வார்கள் என்று எதிர்பார்த்ததாகவும், அவர்கள் தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டு போய்விட்டதாகவும் வருந்தினார். அடுத்த ஒன்பது மாதங்களில் அவர் நம்மை விட்டுப் போய்விட்டார். அந்த வருத்தத்தை இன்றுவரை நாம் தீர்த்துவைக்கவில்லை.

வேலை கிடைத்ததும் நகரத்தில் வீடு பார்க்கிறோம். அதில் தவறில்லை, சேரியிலேயே கிடக்க வேண்டும் என்று யாருக்கும் விதி இல்லை. ஆனால், பொங்கலுக்கு வந்து சட்டை மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும்போது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பக்கத்து வீட்டுப் பையன் எந்தக் கல்லூரியில், எந்த ஒதுக்கீட்டில் சேரப்போகிறான் என்று கேட்டோமா? கேட்டிருந்தால் அவனைப் பிடித்துக்கொண்டு போகும் தரகரிடமிருந்து காப்பாற்றியிருக்கலாம்.

தரகர் என்றோம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் காலனிகளைச் சுற்றுகிறார்கள். "கவுன்சிலிங் எல்லாம் வேண்டாம், நேரா சேத்துவிடறேன், ஸ்காலர்ஷிப் வந்துடும்" என்கிறார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு ஒன்றிய அரசின் உதவித்தொகைத் திட்டம் பொருந்தாது. இரண்டாம் ஆண்டில்தான் குடும்பத்துக்கு இது தெரிகிறது. பிறகு படிப்பும் இல்லை, கட்டிய பணமும் இல்லை.

மாணவர்களே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு வழியாகவே சேருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதாரோடு இணைக்கப்பட்டதாக இருக்கட்டும். மூலச் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எந்தப் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். இது பிச்சையல்ல, உங்கள் உரிமை.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது மூன்றுதான். கட்டணப் பாக்கிக்காகப் பிடித்து வைத்திருக்கும் சான்றிதழ்கள் எத்தனை என்று மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியிடமும் எழுத்துமூலம் கணக்கு வாங்கி, அவற்றைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும். உதவித்தொகை எந்த மாதம் வரும் என்பதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அறிவித்து, அதுவரை கல்லூரிகள் மாணவரை நெருக்கக் கூடாது என்று ஆணையிட வேண்டும். விடுதிகளில் ஆட்சியரோ அவர் அனுப்பும் அதிகாரியோ மாதம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் மாணவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

நம்மிடம் நாமே கேட்பது ஒன்று. ஒவ்வொரு காலனியிலும் பட்டம் வாங்கிய இரண்டு பேர், வாரத்தில் ஒரு மாலை, அம்பேத்கர் படிப்பகத்திலோ கோயில் திண்ணையிலோ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். யார் எங்கே படிக்கிறார்கள், யாருக்கு எந்த ஆண்டுத் தொகை வரவில்லை, யார் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள் என்று எழுத வேண்டும். அந்த நோட்டோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் போய் நிற்க வேண்டும். ஒரு தாய் தனியாகப் போனால் நாளைக்கு வரச் சொல்வார்கள். நாற்பது பெயர் உள்ள நோட்டு போனால் நாற்காலி போடுவார்கள்.

ஏரிக்கரைத் தாயின் மகளுக்காக நான்கு பட்டதாரிகள் சேர்ந்து அந்தக் கல்லூரிக்குப் போனோம். மானியக் குழுவின் அறிவிப்பு நகலை மேசையில் வைத்தோம். மூன்று முறை அலைந்த பிறகு, உதவித்தொகை வந்ததும் கட்டுவதாக எழுதி வாங்கிக்கொண்டு சான்றிதழ்களைக் கொடுத்தார்கள். அதற்குள் ஓசூர் நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. அந்த வேலை போனது போனதுதான். இதை வெற்றி என்று எழுத நமக்கு மனம் வரவில்லை. ஓராண்டுக்கு முன்பே போயிருக்க வேண்டியவர்கள் நாம்.

சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று அந்தத் தாய் டீ போட்டுக் கொடுத்தார். பிறகு உள்ளேயிருந்த மகனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"இவன் பன்னண்டாவது முடிச்சிருக்கான் தம்பி. என்ன சேக்கலாம், சொல்லுங்க."

இவ்வளவுக்குப் பிறகும் நம்மிடம்தான் கேட்கிறார். இந்த முறை வாயால் சொல்லிவிட்டு வரவில்லை. நோட்டில் முதல் பெயராக அவன் பெயரை எழுதியிருக்கிறோம்.